எட்டு ஐம்பத்திரண்டுக்கு நிற்கும் ஃபேன்

"எங்களுக்குத் தனி மீட்டர் வேணும்."

மாடி ஏறிப் போய் ஹவுஸ் ஓனரிடம் கேட்டேவிட்டேன். இதைக் கேட்கவே கூடாது என்று அம்மா சாகும்வரை என் வாயை அடைத்து வைத்திருந்தாள். கேட்டால் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவார் என்று பயம்.

"டிகிரி வாங்குன திமிரா?" என்றார். "பதினோரு வருஷத்துல உங்கம்மா ஒரு வார்த்த கேட்டதில்ல."

"அதான் நான் கேக்குறேன் சார்."

"முடியாது."

ஏன் கேட்டேன் என்று சொல்கிறேன். நம்பினால் நம்புங்கள். நான் பிசிக்ஸ் படித்தவள், எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி. பேய் பிசாசு என்றால் சிரிக்கிற ஆள். ஆனால் இது நடந்தது.

ஓனர் மாட்டிய உள் மீட்டரைப் பார்த்து அவரிடமே கரண்ட் காசு கட்டுவோம். அம்மாவுக்குக் கரண்ட் பில் என்றாலே ஜுரம் வரும். காலையில் நான் வேலைக்குக் கிளம்பியதும் மெயின் ஸ்விட்சை இறக்கிவிடுவாள். நான் திரும்பும் நேரம் பார்த்து ஏற்றுவாள். துணி அலசிய தண்ணீரில்தான் தரை துடைப்பாள். ஜன்னல் இல்லாத உள்ளறையில், நெஞ்சில் ஈரத்துண்டைப் போட்டு, அட்டையால் விசிறிக்கொண்டு படுத்துக் கிடப்பாள். இதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரி பிறகு சொன்னது. அப்படியும் பில் குறையவில்லை. "நாமதான் எங்கயோ வீணாக்குறோம்டி" என்று புலம்புவாள்.

கோடையில் ஒரு மதியம் அந்த அறையிலேயே போய்விட்டாள். மூச்சிரைப்புக்காரி. மூச்சுக்கு மருந்துப் புகை தரும் நெபுலைசர் மெஷின் முகத்தில் மாட்டியபடியே இருந்தது. ஓடவில்லை. முதலில் பார்த்தவர் ஓனர். "மெயின் இறங்கியிருந்துச்சும்மா. நான்தான் ஏத்திவிட்டேன்" என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. நாலு காசுக்கு உயிரை விட்டியே என்று, கிடத்தியிருந்தவளை எல்லார் முன்னாலும் திட்டினேன்.

ஒரு மாதம் கழித்து ஆரம்பித்தது. காலையில் மறந்து ஓடவிட்ட ஃபேன் மாலையில் நின்றிருக்கும். ஃப்ரிட்ஜில் பால் திரிந்திருக்கும். 6.35க்குப் பூட்டில் சாவியைப் போடுவேன். உள்ளே... டக். லைட் எரியும்.

இரண்டு மாதம் பொறுத்தேன். ஒருநாள் வேலைக்குப் போகவில்லை. கதவை உள்ளே தாழிட்டு உள்ளறையில் உட்கார்ந்தேன்.

8.50. நான் வழக்கமாக வேலைக்குக் கிளம்பும் நேரம். ஃபேன் ஓடியது.

8.52.

டக்.

இறக்கை மெல்ல மெல்ல நின்றது. எழுந்து சுவரைத் தடவிப் பார்த்தேன். மெயின் கைப்பிடி இறங்கியிருந்தது. ஏற்றினேன்.

டக்.

என் விரல்களைத் தள்ளிக்கொண்டு இறங்கியது.

இருட்டு. மூலையில் ஏதோ சொட்டியது... ஈரத்துணி சொட்டுவதுபோல.

"அம்மா?"

காற்று வந்தது.

என் முகத்துக்கு மட்டும்.

சர்க்... சர்க்... அட்டை விசிறும் சத்தம்.

அழுதேன். விசிறல் ஓயவில்லை.

செத்தும் அம்மாவுக்குப் பில் பயம் போகவில்லை, அதை நான்தான் தீர்க்க வேண்டும் என்று அன்று சாயங்காலம்தான் மாடி ஏறினேன். ஓனர் முடியாது என்றதும், மறுநாள் எலக்ட்ரீஷியன் அண்ணனை நானே கூட்டி வந்தேன். அவர் பெட்டியைத் திறக்கும்போதே ஓனர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார்.

"மேல் வீட்டு ஏசி உங்க லைன்லதான்மா ஓடுது," என்றார் அண்ணன். "நீங்க குண்டு பல்பக் கூட அணைச்சு வச்சாலும் பில் எங்க குறையும்?"

பிறகு மெயினைக் கழற்றினார். உள்ளே ஃப்யூஸ் கட்டை கருகிக் கிடந்தது.

"இது எரிஞ்சு மாசக்கணக்காச்சு. மீட்டர்லேர்ந்து நேரா ஒயர் இழுத்துவிட்டிருக்காங்க. யார் பாத்த வேலை?"

ஓனர் தரையைப் பார்த்தார். "ஏசி லோடு தாங்காம ஃப்யூஸ் போயிடுச்சு... அன்னிக்கு உங்கம்மா கிடந்தப்ப... ஆளுங்க வர்றதுக்குள்ள லைட்டு வேணுமேன்னு..."

அப்படியானால் அன்று அம்மா மெயினை இறக்கவே இல்லை. பில்லை மறந்து, மெஷினை மாட்டிக்கொண்டு, மூச்சுக்காகக் காத்திருந்திருக்கிறாள். அவளையா நான் திட்டினேன்.

"அண்ணா, இந்தக் கைப்பிடி..."

"சும்மா தொங்குதும்மா. அன்னிலேர்ந்து இத ஏத்தினாலும் இறக்கினாலும் உங்க வீட்டு ஃபேன் நிக்காது."

கருகிய கட்டையை வாங்கிக் கைப்பையில் போட்டேன்.

"எங்க கிளம்பிட்டம்மா? உக்காந்து பேசிக்கலாம்," என்றார் ஓனர்.

அதற்குள் நான் தெருவில் இறங்கியிருந்தேன். போலீஸ் ஸ்டேஷன் ரெண்டு தெரு தள்ளித்தான்.