நுரை அடங்காத பால்

எண்ணெய் ஏன் தண்ணீரில் மிதக்கிறது என்று சிவசங்கரி டீச்சர் கேட்டால், ஒன்பதாம் வகுப்பு திருதிருவென்று விழிக்காது. அதற்கெல்லாம் அங்கே பதில் தயாராக இருக்கும். எண்ணெய் கெட்டி, அதனால் மிதக்கிறது என்பார்கள். அப்படியானால் கெட்டியானது கனமாயிருந்து மூழ்கத்தானே வேண்டும் என்று அவள் அடுத்த கேள்வியைப் போட்டால், எல்லாரும் கொஞ்ச நேரம் மேலே சுற்றும் ஃபேனைப் பார்ப்பார்கள். பிறகு யாராவது ஒரு பெண் எழுந்து, "எண்ணெய் வழுவழுன்னு இருக்குதுங்க டீச்சர், தண்ணியால அதப் புடிச்சு வெக்க முடியறதில்லீங்க" என்பாள். போன வருடமும் இதே பதில்தான். அதற்கு முந்தின வருடம் இதையே ஒரு பையன் சொன்னான்.

சிவசங்கரிக்கு முதலில் வேலை கிடைத்தது காந்தலூர்ப் பக்கம். அங்கே எஸ்டேட் பிள்ளைகளிடம், மலைமேலே போகப் போக ஏன் குளிர்கிறது என்று கேட்டாள். சோலை என்ற பையன், "மேல போனா சூரியனுக்குக் கிட்டத்தான டீச்சர் போறோம், சுடத்தான் செய்யும். மேகம் வந்து மறைச்சிருதுல்ல, அதான் குளிருது" என்றான். அப்போது அவளுக்கு வயது குறைவு, தொண்டையில் தெம்பும் இருந்தது. ஒரு வாரம் முழுக்க அதையே பிடித்துக்கொண்டு விளக்கினாள். பரீட்சையில் சோலை சரியாக எழுதி மார்க்கும் வாங்கினான். பரீட்சை முடிந்து வெளியே வந்தவன், மேகம் மறைக்கத்தான் செய்கிறது டீச்சர் என்று கையை நீட்டி வானத்தைக் காட்டினான்.

பிறகு மாற்றல் வாங்கிக்கொண்டு, கேரள எல்லைக்குள் மீனாட்சிபுரத்துக்குத் தெற்கே, புருசன் ஊருக்கே வந்து சேர்ந்தாள். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடம், தமிழ் மீடியம். இங்கே பாதி வீடுகளில் மாடு உண்டு. தசமக் கணக்கில் 3.45, 3.5 இரண்டில் எது பெரியது என்று கேட்டால் வகுப்பே 3.45 என்று கத்தும். நாற்பத்தைந்து ஐந்தைவிடப் பெரியதல்லவா? அதே பிள்ளைகளிடம் பாலின் கொழுப்பு அளவை 3.5-க்குப் பதிலாக 3.45 என்று சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது, சண்டைக்கு வந்துவிடுவார்கள். வகுப்பறைக் கணக்கு வேறு, வீட்டுக் கணக்கு வேறு என்று வைத்திருந்தார்கள். ஆசிரியர் பயிற்சிக்குப் பாலக்காட்டிலிருந்து வந்த டிஜோ சார் என்பவர், பிள்ளைகளின் தலை காலியாக இருப்பதில்லை, அதில் ஏற்கெனவே ஒரு விளக்கம் குடியிருக்கும், அதைக் காலி செய்யாமல் புதியதைக் குடிவைக்க முடியாது என்று மலையாளத்தில் அழகாகச் சொல்லிவிட்டு, பருப்புவடை தின்றுவிட்டுப் போனார். எப்படிக் காலி செய்வது என்பதை மட்டும் சொல்லவில்லை.

சிவசங்கரி மல்லுக்கட்டி அலுத்துவிட்டாள். இப்போதெல்லாம் வரையறையைக் கரும்பலகையில் எழுதி, கோடு போட்டு, மனப்பாடம் செய்யச் சொல்லிவிடுவாள். அடர்த்தி என்பது ஓரலகு பருமனில் உள்ள நிறை. எழுதினால் மார்க். மார்க் வந்தால் ஏ ப்ளஸ். ஏ ப்ளஸ் வந்தால் எச்.எம். சிரிப்பார்.

அவள் கணவர் ஆனந்தகுமார் கோயம்புத்தூரில் மில் வேலையில் இருந்தவர். மில்லை மூடியதும் ஊருக்கு வந்து மாடு கட்டினார். ஊரில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார் இல்லை, டீச்சர் ஊட்டுக்காரர் என்றுதான் பேச்சு. அதை அவர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார், ஆனால் உள்ளுக்குள் உறுத்தும் என்று அவளுக்குத் தெரியும். அவருக்கென்று சொந்தமாக ஊரில் இருந்தது ஒரே ஒரு பெயர்தான். அவர் பால் நல்ல பால். பால் சொசைட்டியில் விருந்தாளி யாராவது வந்தால் டீக்கு அவர் கேனிலிருந்துதான் பால் எடுப்பார்கள். அன்றைக்கெல்லாம் வீட்டுக்கு வந்து அதை இரண்டு தடவை சொல்வார்.

அந்த ஜனவரியில் இடி இறங்கியதுபோல ஒரு கரண்ட் வந்து சொசைட்டியில் பால் பரிசோதிக்கும் மெஷினைப் பொசுக்கிவிட்டது. புதுப் பாகம் வரும்வரை சமாளிக்க, செக்ரட்டரி ரமேஷ்குமார் பீரோவிலிருந்து பழைய லாக்டோமீட்டரைத் தூசி தட்டி எடுத்தான். அந்தக் கண்ணாடிக் குழாயைப் பாலில் விட்டால் மிதக்கும். நல்ல பாலில் தலையைத் தூக்கி நிற்கும், தண்ணீர் கலந்த பாலில் அமிழ்ந்துபோகும். அந்த அளவை ஊரில் டிகிரி என்பார்கள். இருபத்தெட்டு வந்தால் நல்ல பால். இருபத்தாறுக்குக் கீழே போனால் ஆள் மேல் ஒரு கண் விழும்.

ஆனந்தகுமார் வீட்டுக்கு எதிரே ரோட்டைத் தாண்டினால் சொசைட்டி. மாட்டின் மடியிலிருந்து கையை எடுத்ததும் கேனைத் தூக்கிக்கொண்டு போய் வரிசையில் முதல் ஆளாக நின்றுவிடுவார். அது அவருக்கு ஒரு பெருமை. அவர் பாலில் டிகிரி இருபத்தைந்து காட்டியது. ரமேஷ்குமார் நோட்டில் குறித்துவிட்டுப் பாலை ஊற்றிக்கொண்டான். மறுநாளும் இருபத்தைந்து. அதற்கு மறுநாள் வரிசையில் நின்ற குப்பண்ணன், "டீச்சர் ஊட்டுக்காரரே, உங்க போர்ல இந்த வருசம் தண்ணி நல்லா வருதாட்ட இருக்குது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

ரமேஷ்குமார் சிரிக்கவில்லை. "அண்ணா, இன்னைக்கு எடுத்துக்கறனுங். இனியும் இப்புடியே இருந்துச்சுன்னா கமிட்டிக்குச் சொல்லியாகோணும். அப்புறம் உங்க பாலை எடுக்க முடியாதுங்" என்றான். தணிந்த குரலில்தான் சொன்னான், ஆனாலும் எல்லாருக்கும் கேட்டது.

சிவசங்கரி டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தபோது அவர் காலிக் கேனோடு வந்து, நடந்ததைச் சொன்னார். அவள் மனதில் முதலில் என்ன வந்ததோ அதையே கேட்டாள்.

"ஏனுங்க, கேன் கழுவுன தண்ணிய வடிக்காமயே பாலை ஊத்தீட்டீங்களா?"

"இல்ல."

"எங்கிட்ட மறைக்காமச் சொல்லுங்க. அளவு கொஞ்சம் கூடட்டும்னு ஒரு சொம்பு கிம்பு..."

அவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். தட்டில் வைத்திருந்த இட்லியைத் தொடாமல் எழுந்து மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டார். பஸ் ஹாரன் கேட்டது. சாயங்காலம் பேசிக்கொள்ளலாம் என்று அவள் ஓடினாள்.

அன்றைக்கு ஒன்பதாம் வகுப்பில் அதே அடர்த்திப் பாடம். ஒரு பொருள் சூடானால் அதன் அடர்த்தி என்ன ஆகும் என்று கேட்டாள். மௌனிகா கையைத் தூக்கினாள். அவள் வீட்டிலும் மாடு உண்டு.

"கூடுமுங்க டீச்சர். பாலைக் காய்ச்சக் காய்ச்சக் கெட்டியாகுதில்லீங்களா?"

"அது கொதிச்சுத் தண்ணி ஆவியாப் போறதனால. கொதிக்கறதுக்கு முந்தி, சும்மா சூடா மட்டும் இருந்தா? எடம் அதிகம் புடிக்கும், எடை அதேதான் இருக்கும். அப்ப அடர்த்தி?"

"குறையுமுங்க டீச்சர்" என்று வகுப்பு பாடியது. அவள் முகத்தைப் பார்த்துச் சொன்ன பதில்தான், புரிந்து சொன்னதில்லை. சிவசங்கரி திரும்பி, 'குறையும்' என்று கரும்பலகையில் எழுதினாள். எழுதி முடித்த கை அங்கேயே நின்றுவிட்டது.

சூடாக இருந்தால் குறையும். அவர் கொண்டுபோவது மடியிலிருந்து இறங்கிய சூடு மாறாத பால், நுரை கூட அடங்கியிருக்காது. மற்றவர்கள் தோட்டத்திலிருந்து வாடைக்காற்றில் வண்டியில் வந்து, வரிசையில் நின்று, அவரவர் முறை வருவதற்குள் பால் ஆறிப்போயிருக்கும். மெஷின் சூட்டையும் தானாகக் கணக்கில் சேர்த்துக்கொண்டது. இந்தக் கண்ணாடிக் குழாய்க்கு அது தெரியாது. சூடான பால் தண்ணீர்ப்பாலாகத்தான் அதற்குத் தெரியும்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். விடை கிடைத்த சந்தோசம் வரவில்லை, கூச்சம்தான் வந்தது. ஊரில் வேறு யாருக்கும் தோன்றாமல் போனால் குற்றமில்லை. இதையே சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டினவளுக்கு, டிகிரி குறைந்தது என்றதும் தோன்றியது தண்ணீர்தானே. கரும்பலகையில் இருந்த பாடம் அவள் வீட்டு வாசல் தாண்டி உள்ளே வந்ததே இல்லை. இத்தனை வருடமாக எந்தப் பிள்ளைகளைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாளோ, அந்தப் பெஞ்சில்தான் அவளும் உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் பால் நேரத்தில் அவளே கேனைத் தூக்கிக்கொண்டு சொசைட்டிக்குப் போனாள். ஆனந்தகுமார் உடன் வரவில்லை.

ரமேஷ்குமார் அவளிடம் படித்தவன். இயற்பியலில் ஏ ப்ளஸ். நாற்காலியிலிருந்து எழுந்து நின்றான்.

"ரமேஷு, இப்ப அளந்து பாரு."

"இருபத்தஞ்சுங்க டீச்சர்."

அளந்த பாலை ஒரு தூக்குப் பாத்திரத்தில் ஊற்றி, அதை ஒரு பக்கெட் தண்ணீரில் வைத்தாள். "கொஞ்ச நேரம் கழிச்சு அளக்கலாம்" என்று ஓரமாக நின்றுகொண்டாள். வரிசை நகர்ந்தது. வந்தவர்கள் பால் ஊற்றிவிட்டும் போகாமல் வேடிக்கைக்கு நின்றார்கள். அரை மணி ஆனதும் ரமேஷ்குமார் குழாயை விட்டான். இருபத்தெட்டு.

"அடடே, இதென்ன மாயமுங்க டீச்சர்?" என்றார் குப்பண்ணன்.

"மாயமெல்லாம் இல்லீங்க மாமா. சூட்டுல பால் விரிஞ்சிருக்கும், அதனால டிகிரி குறையும். ஆறுனாச் சரியாப் போகுது. எங்கூடு எதுத்தாப்புல இருக்குது, கறந்த சூட்டோட வந்தர்றாரு. அதுதான் இத்தன நாளும் கம்மியாக் காட்டியிருக்குது."

ரமேஷ்குமார் தலையை ஆட்டினான். "புரிஞ்சுதுங்க டீச்சர்" என்றான். அவளுக்கு ஒரு கணம் அத்தனை வருட அலுப்பும் இறங்கினாற்போல இருந்தது. அவன் மேலே சொன்னான். "நிக்க வெச்சா உள்ள இருக்கற தண்ணி அடியில எறங்கீருதுங்க. மேல நல்ல பால் நிக்கும். அதுதானுங்க டிகிரி ஏறுது."

"அப்புடீன்னா நல்லாக் கலக்கிட்டு அளந்து பாரு."

கரண்டியை விட்டு அடியோடு கலக்கினான். குழாயை விட்டான். அதே இருபத்தெட்டு. அவள் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

"அப்ப இந்நேரத்துக்குள்ள தண்ணி பால்லயே ஊறிப்போயிருக்குமுங்க டீச்சர்" என்றான்.

"ரமேஷு, அடர்த்தின்னா என்ன?"

அவன் கையைக் கட்டிக்கொண்டான். "ஓரலகு பருமனில் உள்ள நிறைங்க டீச்சர்." ஒரு எழுத்துப் பிசகில்லை. அவள்தான் சொல்லிக் கொடுத்தது.

"நீங்க சொன்னா நாந் தட்ட முடியுங்களா?" என்று அவனே முடிவும் சொன்னான். "கமிட்டிக்கெல்லாம் போக வேண்டாமுங்க. இனி அண்ணன் பாலை மட்டும் அரை மணி நேரம் நிக்க வெச்சு அளந்துக்கறனுங்." குப்பண்ணன், டீச்சர் வீட்டுக்கு மட்டும் தனிச் சட்டம் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு போனார். அதற்கு மேல் விளக்க அவளுக்குத் தெம்பில்லை. பால் எடுக்கப்படும், அது போதும் என்று கேனைக் கழுவி எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினாள்.

ஆனந்தகுமார் மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சூடு, அளவு, பக்கெட் தண்ணீர், இருபத்தெட்டு. அவர் ஹோஸைப் பிடித்தபடியே கேட்டார். அவர் முகம் தெளிந்துவிடும் என்று அவள் எதிர்பார்த்தாள்.

"இது பெரிய படிப்புப் படிச்சவங்களுக்குத் தெரியறதா?" என்றார்.

"இல்லீங்க. ஒம்பதாங் கிளாஸ் பாடந்தான்."

"ரொம்ப வருசமா நீ எடுக்கறதுதான?"

"ஆமாங்க."

அவர் போய்க் குழாயை மூடிவிட்டு வந்தார். "அப்ப காலைல நாஞ் சொன்னப்ப உனக்கு அந்தப் பாடம் ஏன் அம்மிணி ஞாபகம் வரல? நாந் தண்ணி ஊத்தியிருப்பேன்னுதான வந்துச்சு?"

குரலில் சண்டை இல்லை. உண்மையாகவே புரியாமல் கேட்கிற கேள்வியாகத்தான் இருந்தது. பிள்ளைகளின் எந்தக் கேள்விக்கும் ஏதாவது ஒரு பதிலைச் சொல்லி உட்கார வைத்துவிடுகிற சிவசங்கரி, காலிக் கேனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். மாடு உடம்பைச் சிலுப்பியதில் அவள் சேலை நனைந்தது. தெரியலீங்க என்று மட்டும் சொன்னாள். அதுதான் உண்மையும்.

மாசி பிறந்ததும் மெஷினுக்குப் புதுப் பாகம் வந்தது. அரை மணி நேரச் சட்டம் தானாகப் போய்விட்டது. மெஷின் முன்போலவே அவர் பாலுக்கு நல்ல அளவு காட்டுகிறது, டீக்கு மறுபடியும் அவர் கேனிலிருந்து எடுக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பில் எண்ணெய் இன்னும் வழுவழுப்பினால்தான் மிதந்துகொண்டிருக்கிறது.

ஆனந்தகுமார் நன்றாகப் பேசுகிறார், இட்லி சாப்பிடுகிறார். ஆனால் காலையில் கறந்து முடித்ததும் நேராக ரோட்டைத் தாண்டுவதில்லை. கேனோடு சமையலறை வாசலுக்கு வந்து, மூடியைத் திறந்து, "பாத்துக்க" என்கிறார். வேண்டாமுங்க என்று அவள் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள். அவள் எட்டிப் பார்க்கும்வரை அவர் நகர்வதில்லை. அவள் பார்க்கிறாள். நுரை அடங்கியிருக்காது. அவர் மூடியை மூடிக்கொண்டு போகிறார்.