பாறைமேல் வரைந்த பாறை

பேத்துப்பாறை வளைவில் ஜீப்பை நிறுத்தச் சொல்கிறேன். போன தடவை இங்கே, சாலைக்காக வெட்டிய மலைச்சரிவில் ஒரு கரும்பாறைப் பட்டையைப் பார்த்திருந்தேன். பல கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழத்திலிருந்து குழம்பாக ஏறி இறுகியது. அதிலுள்ள ஆலிவின், பைராக்சீன் என்ற கனிம மணிகளைச் சோதித்தால் அது எந்த ஆழத்தில் பிறந்தது என்று தெரியும். சுத்தியலோடு வந்திருக்கிறேன்.

இப்போது அங்கே சிமெண்ட் பூச்சு. அதன்மேல் பெயின்டில் பாறை வரைந்திருக்கிறார்கள்!

"கருப்பா அசிங்கமாக் கெடந்துச்சு சார்," என்கிறார் எதிரே டீக்கடை போட்டிருக்கும் பாய். "இப்பப் பாருங்க, அசல் பாறை மாதிரியே இருக்கு."

"அசல் பாறையைத்தானே மூடி வச்சிருக்காங்க!" என்று கத்திவிடுகிறேன். "ஒரு துண்டாவது மிச்சம் இருக்கா?"

பாய் எங்கள் ஜீப்பைக் காட்டுகிறார். சரிவில் உருளாதபடி டிரைவர் பின்சக்கரத்துக்கு வைத்திருப்பது அந்தக் கல்தான்.

"அதை எடுத்தா வண்டி உருண்டுரும் சார். சுவத்துலருந்து பேந்து விழுந்த சிமெண்ட் கட்டி கெடக்கு, அதை வச்சுட்டு எடுங்க."

வைக்கிறேன். கல்லை உருவியதும் ஜீப் லேசாக அசைகிறது. சக்கரத்தடியில் பெயின்ட் பாறை பொடிப்பொடியாகிறது.