படகில் எனக்கு வராத தந்தி

ஒரு வருடம் கடலில் இருந்தவள் என்று சொன்னால் சனம் முதலில் சுறாவைப் பற்றித்தான் கேட்கும். சுறா எங்களை ஒன்றும் செய்யவில்லை. எனக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தவர் பக்கத்தில் படுத்திருந்தார்.

எண்பதுகளின் தொடக்கம் அது. சுவிசில் தமிழரை விரல்விட்டு எண்ணலாம். என் கணவருக்கு எம்மன்புரூக்கேயில் ஒரு தொழிற்சாலையில் மெக்கானிக் வேலை. வடமராட்சிக் கரையில் கப்பல் ஓட்டிய குடும்பம் அவருடையது. பனிக்குள் பஸ்ஸுக்கு நிற்கும்போதுகூட விரலை நனைத்துக் காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பார். அவரோடு வேலை செய்த சுவிஸ்காரர் ஒருவர் தன் பாய்ப்படகைக் கரீபியன் கடலில் மார்டினிக் தீவுவரை ஓட்டிக்கொண்டு போய்விட்டு, இடுப்பு வருத்தத்தால் அங்கேயே கட்டிப்போட்டு வந்திருந்தார். ஒரு வருடம் நீங்கள் போய் இருங்கள், பழுதுபார்த்து வைத்தால் போதும் என்றார். அன்றிலிருந்து இவருக்குச் சோறு இறங்கவில்லை.

நானோ யாழ்ப்பாணம் போக நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைப் பெற்ற ஐயாவுக்கு நெஞ்சு வருத்தம் வந்து, ஆசுபத்திரியில் கிடந்து, அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தார். கல்யாணம் கட்டி வந்து ஐந்து வருடமாக நான் அவரைப் பார்க்கவில்லை. "ஒரு வருசம் தாரும். முடிஞ்ச கையோட நானே உம்மைக் கூட்டிக்கொண்டு போறன்" என்று இவர் கெஞ்சினார். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். ஐயாவுக்கு ஏதும் என்றால், எந்தத் தீவில் நின்றாலும் அடுத்த பிளேனில் என்னை ஏற்றிவிட வேண்டும். அந்த நாளில் ஊருக்குப் போய் வருவது பெரிய காரியம் இல்லை. நாடு இன்னும் எரியத் தொடங்கவில்லை. ஓம் என்று என் தலையில் கைவைத்துச் சத்தியம் பண்ணினார்.

வெளிநாட்டவர் பொலிசில் ஒரு வருடம் வெளியே நிற்க அனுமதிக் கடிதம் வாங்கினோம். எங்களுக்கு வரும் தபாலை ஓல்டனில் இருந்த அக்காவின் விலாசத்துக்குத் திருப்பிவிட்டோம். அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை, ஊர்க்காரி. முதியோர் இல்லமொன்றில் வேலை. முக்கியமான கடிதம் வந்தால் நாங்கள் அடுத்துப் போகும் தீவின் தபாற்கந்தோருக்கு அனுப்பிவிடுவார். நாங்கள் போய்க் கேட்கும்வரை அங்கே வைத்திருப்பார்கள்.

ஒரு நவம்பரில் போய் இறங்கினோம். முதல் இரண்டு கிழமையும் குடல் வெளியே வரும்படி சத்தி எடுத்தேன். பிறகு என்ன மாயமோ, உடம்பு பழகிவிட்டது. சுக்கான் பிடிக்கப் பழகினேன். சேலையெல்லாம் பெட்டிக்குள் போனது, இவருடைய காற்சட்டையைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டு திரிந்தேன். ஆடுகிற மண்ணெண்ணெய் அடுப்பில் பானையை ஒரு கையால் பிடித்தபடியே சோறு காய்ச்சினேன். கடல்தண்ணீரில் குளித்து ஒரு பேணி நல்ல தண்ணீரால் அலசுவோம். தலைமயிர் தும்பு மாதிரி ஆகிவிட்டது. சென்ற் லூசியாச் சந்தையில் ஊரில் தின்ற ஈரப்பலாக்காயைக் கண்டபோது விசரி மாதிரிச் சிரித்தேன். அதைத் தேங்காய்ப்பால் விட்டுக் கறி வைத்துத் தின்றுவிட்டு மேல்தட்டில் படுத்திருந்த பின்னேரங்களை இன்றைக்கும் என்னால் வெறுக்க முடியவில்லை. அதுதான் எனக்குக் கூடின கோபம்.

தபால் எடுக்க இவர்தான் போவார். நங்கூரம் இழுபட்டால் பார்க்க ஒருவர் படகில் இருக்க வேண்டும் என்பார். ரப்பர்த் தோணியில் இறங்கி, என் கடிதத்தைக் கொண்டுபோய்ப் போட்டு, வந்ததை எடுத்துக்கொண்டு வருவார். பழைய அட்லஸ் ஒன்றில் நான் போகும் தீவுகளுக்குப் பென்சிலால் கோடு போடுவதாக ஐயா ஜனவரியில் எழுதியிருந்தார். பெப்ரவரிக்குப் பிறகு ஊரிலிருந்து ஒரு துண்டும் வரவில்லை. நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். "நாங்கள் ஓடிக்கொண்டிருக்கிறம், கடிதம் எப்பிடியப்பா எங்களைப் பிடிக்கும்?" என்றார். நானும் நம்பினேன். கிரனடாவில் நின்று ஓல்டனுக்கு ஒரு கோல் எடுப்போம் என்றதற்கு, லைன் வேலை செய்யவில்லை என்று வந்து சொன்னார். அதையும் நம்பினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஏலாது என்பார்கள். மறைக்கலாம். சாப்பிடுகிறவள் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டால் போதும்.

அடுத்த நவம்பர் எம்மன்புரூக்கேக்குத் திரும்பினோம். வந்த கிழமையே ஓல்டன் அக்காவையும் அவருடைய புருசன் அண்ணையையும் சாப்பிடக் கூப்பிடப் போகிறேன் என்றேன். களைப்பு, பிறகு பார்ப்போம் என்று இவர் இழுத்தார். ஒரு வருடம் எங்கள் தபாலைப் பார்த்த மனிசியைக் கூப்பிடாமல் விடுகிறதா என்று சண்டை பிடித்து, நானே தொழிற்சாலைப் பக்கத்துப் பூத்தில் போய் அழைத்தேன். அக்கா மெதுவாக, "நாங்களே வரத்தான் இருந்தனாங்கள் தங்கச்சி" என்றார்.

ஞாயிறு மத்தியானம். சுவிஸ்காரர் விடுமுறை போய் வந்தால் படம் போட்டுக் காட்டுவார்களே, அது மாதிரி நானும் சுவரில் வெள்ளைப் படுக்கை விரிப்பைக் குத்தி, ஸ்லைட் மெசினைக் கீழ்வீட்டில் இரவல் வாங்கி வைத்தேன். வடை சுட்டேன். கிளிப்பச்சைச் சேலை உடுத்தேன். அவர்கள் வந்தார்கள். எங்கே போனாலும் பார்சல் இல்லாமல் படி ஏறாத அக்கா வெறுங்கையோடு வந்திருந்தார். நிறம் மங்கின ஒரு சேலை. என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். என்னை ஒரு வருடம் காணாத பாசம் என்று நினைத்தேன். அண்ணை வடையைத் தொடவில்லை. தேத்தண்ணியையும் ஆறவிட்டார்.

நானா விடுகிறவள்? ஜன்னலை மூடிவிட்டுப் படத்தைப் போடச் சொன்னேன். இவர் மெசினுக்குப் பின்னால் குனிந்திருந்தார். பறக்கிற மீன், ஈரப்பலா மரம், சுக்கானோடு நான். பிறகு மார்டினிக்கில் எடுத்த கார்னவால் திருவிழாப் படம். முகமெல்லாம் மஞ்சள் சாயம் பூசி, மேளக்காரர் நடுவில் கையைத் தூக்கிக்கொண்டு ஆடுகிறேன். "இது எப்ப எடுத்தது?" என்று அக்கா கேட்டார். பெப்ரவரிக் கடைசி என்று நான் பெருமையாகச் சொன்னேன். அக்கா எழும்பினார். அண்ணையும் எழும்பினார். போட்டு வாறம் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு இறங்கிவிட்டார்கள்.

எனக்குச் சுரீர் என்றது. பின்னால் ஓடிப்போய் இரண்டாம் மாடிப் படியில் மறித்தேன். "ஏன் அக்கா, ஒரு சொல்லும் சொல்லாமல் போறியள்? நான் என்ன பிழை செய்தனான்?"

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் அருவருப்பு இருந்தது. "செத்த வீட்டிலை சொல்லிக்கொண்டு போறேல்லைத் தங்கச்சி. அது கூடவோ மறந்துபோச்சு?"

"ஆரின்ர செத்த வீடு?"

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, ஐயோ என்று தலையில் கையை வைத்துக்கொண்டு அந்தப் படியிலேயே இருந்துவிட்டார். என் ஐயா பெப்ரவரி தொடக்கத்திலேயே போய்விட்டாராம். தந்தி வந்த அன்றே அக்கா அதை எக்ஸ்பிரசில் மார்டினிக்குக்கு அனுப்பி, தானும் நாலு வரி எழுதி வைத்திருக்கிறார். கிடைத்தது என்று என் கணவர் பதிலும் போட்டிருக்கிறார். கார்னவாலுக்குப் பத்து நாள் முந்தி.

மேலே போனேன். அவர் மெசினை நிற்பாட்டியிருக்கவில்லை. சுவரில் நான் இன்னும் ஆடிக்கொண்டு நின்றேன். விரிப்பைப் பிடித்து இழுத்துக் கிழித்தேன். அவர் உள்ளே போய் தன் மெக்கானிக் ஆயுதப் பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு பொலித்தீன் பையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். தந்தி, அக்காவின் கடிதம், ஊரிலிருந்து வந்த மூன்று கடிதங்கள், அதன்பிறகு நான் ஐயாவுக்கு எழுதி அவரிடம் போடக் கொடுத்த கடிதங்கள் அத்தனையும். முத்திரை ஒட்டினபடி.

"தந்தி வரேக்கையே மாமாவை எரிச்சாச்சு. போய் என்னத்தைப் பாக்கிறது?" என்றார். "போயிருந்தால் நீர் திரும்பிப் படகுக்கு வந்திருக்க மாட்டீர். என்ர சீவியத்திலை நான் கேட்டது ஒரேயொரு வருசம்."

முப்பத்தோராம் நாளுக்காவது போயிருப்பேனே, பாவி. அந்தியேட்டிக் கிரியைக்கு அம்மாவின் பக்கத்தில் இருந்திருப்பேனே. அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. அந்தப் பெப்ரவரியில் தொடங்கி இவர் ஒரு மாதம் மீன் தொடவில்லை. வயிறு சரியில்லை என்றார். நான் அவருக்கு முன்னால் இருந்து பொரித்துப் பொரித்துத் தின்றேன். என் தகப்பனுக்கு அவர் செத்த வீட்டுத் துடக்குக் காத்திருக்கிறார். பெற்ற மகளை நக்கலடிக்கிற மாதிரி மீனைத் தின்னவிட்டு, தான் காத்திருக்கிறார். கட்டின புருசன் கழுத்தறுத்தான் என்று கேட்டிருக்கிறேன். இப்படி ஆசாரம் பார்த்து அறுத்தவனைக் கேட்டதில்லை.

ஊருக்கு என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். நான் எழுதிப் போட்டனான் என்று மட்டும் சொன்னார். மகள் நடுக்கடலில் நிற்கிறாள், சொல்ல முடியவில்லை என்று எழுதியிருப்பார் என்று நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து லுசேர்ன் தபாற்கந்தோரில் ஊருக்கு டிரங்க் கோல் பதிந்தேன். அம்மாவைப் போன் இருக்கிற சந்திக் கடைக்குக் கூட்டிவரச் சொல்லித் தந்தி அடித்திருந்தேன். உள்ளது உள்ளபடி எல்லாவற்றையும் சொல்லி, அடுத்த பிளேனில் ஊருக்குப் போய், இனி இந்த மனிதனின் முகத்தில் முழிப்பதில்லை என்று நினைத்துக்கொண்டுதான் பூத்துக்குள் போனேன். அவர் கண்ணாடிக்கு வெளியே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

அம்மாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது. நான் வாய் திறக்க முந்தி, "அழாதை பிள்ளை" என்றார். "உன்ர கடிதம் என்ர தலைமாட்டிலைதான் கிடக்கு. எனக்குக் கண் தெரியாது எண்டு சின்னம்மா கிழமைக்கு ஒருக்கா வாசிச்சுக் காட்டுவாள்."

எந்தக் கடிதம் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே அம்மா சொன்னார். பிளேன் கிடைக்காமல் நான் மூன்று நாள் துறைமுகத்தில் கிடந்து அழுதேனாம். கடற்கரையில் ஐயாவுக்கு விளக்குக் கொளுத்தினேனாம். ஆறு வயதில் ஐயா சைக்கிள் பாரில் என்னை வைத்து நல்லூர்த் தேருக்குக் கொண்டு போனதும், வழியில் செருப்பைத் தொலைத்துவிட்டு நான் அழ, ஐயா தன் செருப்பையும் கழற்றி ஒரு பற்றைக்குள் எறிந்துவிட்டு வெறுங்காலோடு வந்ததும் அதில் இருந்ததாம். அந்தக் கதையை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. கல்யாணம் கட்டின முதல் குளிர்காலம், ஒரே போர்வைக்குள் கிடந்து, இவருக்கு மட்டும் சொன்னேன்.

"ஐயா எனக்குக் கூட அதைச் சொல்லேல்லை" என்றார் அம்மா. "அந்தக் கடிதம் இல்லாட்டி நான் இவ்வளவு நாள் தப்பியிருக்க மாட்டன் பிள்ளை. எழுதேக்கை நல்லா அழுதிருப்பாய், என்ன?"

கண்ணாடிக்கு வெளியே அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓம் அம்மா" என்றேன். "அழுதழுதுதான் எழுதினனான்."