மறுமுனையில் ஹசன் அலி

இது நடந்தது. மேலப்பாளையத்தில், வெயில் இன்னும் முழுசாக இறங்காத ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நடந்தது. பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரும், சலங்கை கட்டிக்கொண்டுதான் வரும் என்று நினைக்கிறவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளட்டும். நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

தஸ்மியா வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் கோடு எழுதுகிறவள். கைக்குழந்தைக்காரி. புருஷன் ஹசன் அலிக்கு வளைகுடாவில் கட்டட வேலை. அவன் தங்கியிருந்த கேம்ப் வைஃபையில் பேச்சும் போகாது, படமும் போகாது, எல்லாவற்றுக்கும் தடை. இவள் சும்மா இருப்பாளா? தங்கள் இரண்டு பேருக்கு மட்டும் ஒரு செயலி எழுதினாள். நடுவில் ஒரு ப்ராக்ஸி சர்வரை நிறுத்தினாள். இவள் சொல்வதை வாங்கி அது அவனிடம் கொடுக்கும், அவன் சொல்வதை வாங்கி இவளிடம் கொடுக்கும். ஒரு தடவை இணைப்பு திறந்துவிட்டால் மூடுகிறவரைக்கும் திறந்தேதான் இருக்கும். எழுதினால் அந்த நொடியே தெரியும், பேசினால் கேட்கும். மகள் தவழ்ந்ததைக்கூட ஹசன் அலி அதில்தான் பார்த்தான்.

பிரசவத்துக்கு வருகிறேன் என்றான், வரவில்லை. நோன்புப் பெருநாளைக்கு என்றான், வரவில்லை. ஹஜ்ஜுப் பெருநாளைக்கும் லீவு இல்லை என்று செவ்வாய்க்கிழமை அவன் சொன்னபோது இவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"நீங்க அங்கனயே இருங்க. எங்கூடப் பேசவே வேண்டாம்."

கோபம் யாருக்குத்தான் வராது? ஆனால் இவள் ப்ராக்ஸியில் ஒரு வரி எழுதி, அவன் உள்ளே வரும் வழியையே அடைத்துவிட்டாள். புதன்கிழமை முழுவதும் அவன் பக்கத்துச் செயலி தட்டிக்கொண்டே இருந்தது. 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்று இவள் திரையில் வரிசையாக விழுந்தது. வியாழக்கிழமையும் அப்படியே. தட்டட்டும், நல்லாத் தட்டட்டும் என்று இருந்தாள் பாவி மகள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்த ஆம்பிளைகள் முன்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். பேச்சுச் சத்தம் இல்லை. மாமனார் முகம்மது இப்ராஹிம் மட்டும் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"பிள்ளைக்குப் பால் குடுத்தியாம்மா?"

"குடுத்துட்டேன் மாமா. என்ன, எல்லாரும் இங்கன இருக்காக?"

"சும்மாத்தான்."

அவள் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்து அதையே கேட்டார்.

அசர் தொழுதபோது அவளுக்கு மனசு இளகிவிட்டது. மூன்று நாள் போதும், மனுஷன் பாவம் என்று தோன்றியது. மடிக்கணினியைத் திறந்து, அடைத்து வைத்த வரியை எடுத்தாள்.

உடனே இணைந்தது. ஒரு நொடிகூட ஆகவில்லை.

இரண்டு முனையும் உயிரோடு இருக்கிறதா என்று செயலி அடிக்கடி ஒரு சின்னத் துடிப்பை அனுப்பிப் பார்க்கும். வளைகுடாவுக்குப் போய்த் திரும்பக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அந்த நேரம் திரையின் ஓரத்தில் தெரியும். இன்றைக்கு அங்கே சைபர் என்று இருந்தது. தூரமே இல்லாததுபோல... பக்கத்திலேயே யாரோ உட்கார்ந்து பதில் சொல்வதுபோல. கணக்கிடும் இடத்தில் ஏதோ தப்பு, அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டாள்.

'தஸ்மி.'

எழுத்து வந்தது.

'பொறுத்துக்கிட்டியா?'

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே பழைய கோபமும் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. அவ்வளவு லேசில் விடுவாளா?

'பெருநாளைக்கு வாரியளா? அதச் சொல்லுங்க முதல்ல.'



ஒலிபெருக்கியில் சத்தம் கேட்டது. சரக்... சரக்... நிறையப் பேர் மணலில் கால் இழுத்து நிற்கிற சத்தம். யாரோ மூச்சு வாங்கினார்கள்.

'மச்சான், எங்கன இருக்கிய?'

'போவ முடியல தஸ்மி.'

'எங்க போவ முடியல?'

'பொறுத்துக்கிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு.'

'வாரேன்னு சொல்லுங்க. சொல்லுதேன்.'

சத்தம் நின்றது.

காற்றுகூட இல்லை.

அவளும் எழுதவில்லை. பிடிவாதம். திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

'தஸ்மி...'

அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. அவள் பிடிவாதத்தை விட்டாள். மைக்கில் வாயை வைத்தாள்.

"பொறுத்துக்கிட்டேன் மச்சான். எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டேன். அல்லாவுக்காகப் பொறுத்துக்கிட்டேன்."

அப்போது மணி ஐந்தே முக்கால்.

காலடிகள் கிளம்பின. வேகமாக. அடிக்குரலில் பல பேர் கலிமா ஓதிக்கொண்டே நடந்தார்கள். சத்தம் தூரப் போனது... தூரப் போனது...

இணைப்பு மூடியது.

கேம்பில் சிக்னல் போனால் அது பட்டென்று அறுந்துதான் போகும். இது அறுந்து போகவில்லை. மறுமுனை முறையாக விடைபெற்று மூடியதாகத் திரை காட்டியது.

முன்கட்டுக்கு ஓடினாள்.

"மாமா, மச்சான் பேசுனாக!"

ஒருவரும் அசையவில்லை. முகம்மது இப்ராஹிம் கையைத் தலையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எப்பம்மா?"

"இப்பத்தான் மாமா."

"எப்படிம்மா சொல்லுவேன்... புதன்கிழம காலையிலேயே அவன் மௌத்தாயிட்டான்மா. கட்டடத்துச் சாரம் சரிஞ்சுட்டு. பால் குடுக்குத பிள்ளைட்ட எப்படிச் சொல்லுததுன்னு... இன்னைக்கு அங்கனயே அடக்கச் சொல்லிட்டேன்."

இந்த ஊரில் வளைகுடாவிலிருந்து வரும் மௌத்துச் செய்தி முதலில் ஆம்பிளைகள் காதுக்குத்தான் வரும். பெண்டாட்டிக்குக் கடைசியில்தான் தெரியும். அன்றைக்கும் அப்படித்தான் ஆனது.

அவள் புருஷனுக்காக வீட்டோடு இத்தா இருந்த நாட்களில் ஹசன் அலியின் அறைக் கூட்டாளி முகம்மது மைதீன் ஊருக்கு வந்தான். துணித் திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பேசினான். அவன் கொண்டுவந்த பையில் ஹசன் அலியின் போன் இருந்தது. சட்டைப்பையிலேயே நசுங்கித் தகடாகியிருந்தது. புதனும் வியாழனும் தட்டியது எது என்று அவள் கேட்கவில்லை.

"அடக்கம் நல்லா நடந்துச்சா அண்ணே?"



"நல்லாத்தான் நடந்துச்சும்மா. ஒண்ணு மட்டும்... சொல்லவா வேண்டாமான்னு தெரியல. கபர்ஸ்தான் வாசல்ல அவனைச் சுமந்து வந்த சந்தூக்கை இறக்கி வச்சோம். தோள் மாத்தித் திரும்பத் தூக்குனா, வரல. ஆறு பேரு தூக்குதோம்... இம்மி நகரல. அவன் ஆளே ஒல்லி. எல்லாரும் பயந்துட்டாங்க. பொறவு திடீர்னு லேசாச்சு. ஒண்ணுமே இல்லாத மாதிரி. அங்க நாலே கால் மணி இருக்கும்."

அங்கே நாலே கால் என்றால் இங்கே ஐந்தே முக்கால்.

"ரொம்ப நேரம் வெயில்ல கிடந்தாகளா?"

"கால் மணி நேரம் இருக்கும்மா."

அந்தக் கால் மணி நேரமும் அவள் பெருநாளைக்கு வருவீர்களா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.