அளவு பார்த்து வைத்த ஆட்டம்

பழுதை ஒழுங்காகப் பார்த்த மனிதரை ஊர் எதற்காகத் திட்டியது, பிறகு எதற்காகப் பாராட்டியது? இது நடந்த 1988இல் என்னைக் கேட்டிருந்தால் திருதிருவென்று விழித்திருப்பேன்.

ராஜபாளையத்தில் பட்டறை வைத்திருந்த அபுதாஹிருக்கு ஆட்டம் என்றாலே ஆகாது. உட்கார்ந்த ஸ்டூல் ஆடினால்கூட டீயைக் கீழே வைத்துவிட்டு அதற்கு ஆப்பு அடிப்பார். பாய் கைபட்ட வண்டியில் லூஸ் இருக்காது என்பதுதான் அவர் சம்பாதித்த பேர்.

ஸ்ரீவில்லிபுத்தூர் நம்பி, மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடும் தன் பழைய திறந்த காரை அவரிடம் அனுப்பினார். இன்ஜினுக்குப் பெட்ரோல் ஊட்ட அதற்கு இரண்டு கார்புரேட்டர். ஆக்ஸிலேட்டர் மிதியிலிருந்து அவற்றுக்குப் போகும் கம்பிகளின் மூட்டெல்லாம் தேய்ந்து, ஒன்று திறந்த பிறகே மற்றது திறந்தது. வண்டி இருமிக்கொண்டே நகர்ந்தது.

அபுதாஹிர் மூட்டுகளின் தேய்ந்த உள்வளையங்களைக் கழற்றி, லேத்தில் புதுப் பித்தளை வளையம், அதாவது புஷ், கடைந்து போட்டார். ரப்பர் குழாயைக் காதில் வைத்து, இரண்டு கார்புரேட்டரும் ஒரே மாதிரி மூச்சு விடும்வரை திருகினார். மயிரிழை ஆட்டம் இல்லை.

அன்று மாலை ரதவீதியில் மேளம் முன்னே போக, டிரைவர் பேச்சிமுத்து எப்போதும்போல மிதியைப் பாதிவரை அமுக்கினார். பாதிவரை ஒன்றும் நடக்காது என்று அவர் கால் வருஷக்கணக்கில் படித்து வைத்திருந்தது. இப்போது நடந்தது. தவில்காரர் தவிலோடு தாவி ஒதுங்கினார். வண்டி மண்டப வாசல் வாழைமரத்தை முட்டி நின்றபோது, மாப்பிள்ளையின் தலைப்பாகை பேச்சிமுத்து மடியில் கிடந்தது.

மறுநாள் நம்பியே டிரைவரோடு வந்து இறங்கினார்.

"ஏன் பாய், ரிப்பேர் பாக்கச் சொன்னா ராக்கெட்டு பண்ணி விட்டுருக்கீரே!"

"வண்டி இப்பத்தான் சாமி சரியா இருக்கு. ஏலே பேச்சிமுத்து, மெதுவா மிதிச்சா என்ன?"

"மெதுவாத்தான் மிதிச்சேன் பாய். வண்டிக்குத்தான் மெதுவுன்னா என்னன்னு தெரியல."

"பழைய புஷ்ஷையே மாட்டிரும்," என்றார் நம்பி. "இவன் காலை நான் எந்த லேத்துல குடுத்துக் கடைய?"

மாட்டினால் பேர் போய்விடும். மாட்டாவிட்டால் நம்பியின் ஒரு சொல்லுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வண்டிகள் அத்தனையும் வேறு பட்டறைக்குத் திரும்பிவிடும். அபுதாஹிர் கார்புரேட்டர் பக்கத்தைத் தொடவில்லை. மிதிப் பக்கத்துக் கம்பியின் ஓட்டையை மட்டும் அரத்தால் நீளவாக்கில் ராவினார். இனி மிதி கொஞ்ச தூரம் சும்மா இறங்கிய பிறகே கம்பி அசையும்; ஆனால் இரண்டு கார்புரேட்டரும் சேர்ந்தே திறக்கும்.

"மிதிச்சுப் பாருலே. போதுமா?"

"இன்னும் செத்த லூஸ் வேணும் பாய்."

வாழ்நாளெல்லாம் ஆட்டத்தை ஒழித்த மனிதர், பல்லைக் கடித்துக்கொண்டு, அளவு பார்த்து ஆட்டம் வைத்தார்.

அடுத்த ஊர்வலத்தில் இருமலும் இல்லை, பாய்ச்சலும் இல்லை. வண்டி தேர் மாதிரி அசைந்து போனது. நம்பிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "லூஸ் வைக்கிறதுக்கு பாயை விட்டா ஆளே கெடையாது" என்று போகிற இடமெல்லாம் சொன்னார். கிருஷ்ணன்கோவிலிலிருந்து ஒருவர் ஜீப்பில் வந்து, "நம்பி வண்டிக்கு வச்சாப்புல எனக்கும் கொஞ்சம் லூஸ் வச்சுத் தாங்க பாய்" என்று நின்றார். அபுதாஹிர் பட்டறைக்குள் போய்விட்டார்.

லூஸ் வைக்கிற பாய் என்ற அந்தப் பேர் இன்னும் அவரை விடவில்லை. ஆகவே இதைப் படித்தவர்கள் பஸ்ஸிலோ டீக்கடையிலோ நாலு பேரிடம் நடந்ததைச் சொல்லுங்கள். கார்புரேட்டர் பக்கம் அவர் போட்ட புஷ் இன்றும் ஆடவில்லை என்பதை மறக்காமல் சேர்த்துச் சொல்லுங்கள்.