ஜாகா ரூமுக்கு நான் பொருத்திய ஃபேன்

தேதி போடாமல் நான் எதையும் எழுதுவதில்லை. இதற்கு மட்டும் போடவில்லை. போட்டால் பழைய சகாக்கள் என் முட்டாள்தனத்துக்கு ஆண்டு விழா எடுப்பார்கள். சுமத்ராவின் காட்டுத்தீயிலிருந்து புகைமூட்டம் வந்த ஒரு செப்டம்பர், திங்கட்கிழமை காலை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அப்போது பினாங்கின் ஜார்ஜ் டவுனில், சுங்கை பினாங் பக்கத்துச் சரக்குக் கிட்டங்கி ஒன்றில் நான் சேஃப்டி ஆபீசர். மேனேஜர் நாசர் பாய் கூப்பிட்டார்.

"அண்ணே, கேட்ல இருக்கிற தனம் போன வாரமும் எம்சி. அதே இளைப்பு. இன்னொரு எம்சி வந்தா வேற ஆள் போட்டுருவேன். எனக்கும் மேல பதில் சொல்லணும் லா."

எம்சி என்பது டாக்டர் தரும் ஓய்வுச் சீட்டு. தனம் டத்தோ கிராமாட்டிலிருந்து வரும் ஜாகா, கேட் காவலாள். ஆஸ்துமாக்காரி, பையில் எப்போதும் மருந்து உறிஞ்சும் பம்ப் இருக்கும். வீட்டில் சம்பாதிப்பது அவள் மட்டும்தான்.

"ஒரு வாரம் குடுங்க பாய். அந்த ரூமுக்குள்ள சுத்தமான காத்த வர வைக்கிறேன்," என்றேன். காற்று மாசைப் பற்றி நிறையப் படித்திருந்தேன். வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

1. வகுப்பு

டேப்பும் டிரில்லும் எடுத்துப்போன நான், முதலில் தனத்துக்கு ஒரு வகுப்பு எடுத்தேன். பிஎம் 2.5 என்பது முடியைவிடப் பல மடங்கு சன்னமான தூசு. மூக்கு முடிக்குத் தப்பி நுரையீரலின் அடிவரை போகும், கொஞ்சம் ரத்தத்திலும் கலக்கும், அதனால் இதயத்துக்கும் கேடு. சல்ஃபர் டையாக்சைடும் நைட்ரஜன் டையாக்சைடும் மூச்சுக்குழாயை எரித்துச் சுருக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசமே கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்துவிடும். ஓசோனுக்கு வந்தபோது தனம் கையைத் தூக்கினாள்.

"அண்ணே, நீங்க சொல்றதக் கேட்டாலே மூச்சு முட்டுது. ஃபேன் மாட்டப் போறீங்களா இல்லையா?"

ஜன்னல் இடுக்கையெல்லாம் டேப் போட்டு அடைத்தேன். வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் ஃபேன், அதன் முன்னால் ஒரு ஃபில்டர். எந்தச் சுவரில் மாட்டுவது? காற்று தென்மேற்கிலிருந்து வருகிறது, புகைமூட்டமும் அங்கிருந்துதான் வருகிறது, ஆகவே எதிர்ச்சுவர். இந்த முடிவுக்காக என்னை நானே பாராட்டிக்கொண்டேன்.

எதிர்ச்சுவர் லோரிகள் வந்து நிற்கும் பக்கம்.

எங்கள் கேட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஜாகா கேட் பாஸ் எழுதும்வரை எந்த டிரைவரும் எஞ்சினை அணைக்கமாட்டார். அணைத்தால் ஏசி போய்விடும். வருஷக்கணக்காக அந்த உறுமலைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது மரத்திருந்தது.

தினமும் ஆபீஸ் ஏசியில் உட்கார்ந்து, காற்று மாசுக் குறியீட்டை, நாங்கள் ஐபியு என்போம், போனில் பார்ப்பேன். அது இறங்கிக்கொண்டே வந்தது. தனம் பம்ப் அடிப்பதோ ஏறிக்கொண்டே போனது.

"உன் வீட்ல ஏதோ தூசு இருக்கு தனம்," என்றேன், வெட்கமில்லாமல்.

2. பரிசோதனை

வெள்ளிக்கிழமை நாசர் பாயை அழைத்துப்போனேன். தனத்தின் நெஞ்சில் விசில் சத்தம் கேட்டது. அந்த நேரம் பார்த்து நிபோங் திபால் ஊர் டிரைவர் குணா தன் லோரியைச் சுவரை ஒட்டி நிறுத்தினான்.

"பாய், ஃபேன் முன்னாடி நின்னு நல்லா இழுத்துப் பாருங்க."

பாய் இழுத்தார். அப்புறம் இருமினார். கண்ணில் தண்ணீர் வர, சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினார். குணா எட்டிப் பார்த்து, "என்ன பாய், புதுசா சுருட்டா?" என்றான்.

ஃபில்டரைக் கழற்றினேன். தோசைக்கல்லின் அடிபோல் இருந்தது. காட்டுப் புகை இப்படி எண்ணெய்க் கறுப்பாகப் படியாது, இது டீசல். அதுவும் ஃபில்டர் பிடித்தது கரியை மட்டும். வாயுக்கள் டிக்கெட் வாங்காமலே உள்ளே போயிருந்தன.

"அண்ணே," என்றார் பாய், மூச்சு வந்ததும், "லோரிப் புகைய டியூப் போட்டு இந்தப் பொம்பளைக்குக் குடுத்திருக்கீங்க!"

பம்ப் அடித்தும் தனத்துக்கு இளைப்பு அடங்கவில்லை. பாயின் காரிலேயே கிளினிக் கொண்டுபோனோம். ஊசி போட்டு, ஆவி பிடிக்க வைத்து, டாக்டர் அவள் கையில் ஒரு தாளைக் கொடுத்தார். எம்சி. தனம் அதைப் பார்த்துவிட்டுப் பாயின் முகத்தைப் பார்த்தாள்.

"பாய், அந்த எம்சிக்குக் காரணம் நான். என் பேர்ல எழுதிக்குங்க," என்றேன்.

"எதுக்கு? உங்களையும் தூக்கிட்டு ரெண்டு ஆள் தேடவா?" இன்னும் இருமிக்கொண்டிருந்தார். "தனம், நீ நல்லாயிட்டு வா. உன் இடம் அங்கேயே இருக்கும். அண்ணே, நீங்க போய் ஃபேனக் கழட்டுங்க."

ஃபேனை லோரி நிற்காத பக்கத்துச் சுவருக்கு மாற்றினோம். கேட்டில் எஞ்சினை அணைக்க வேண்டும் என்ற விதியும் வந்தது. அதை அமல்படுத்தும் பொறுப்பு என் தலையில். "தனத்துக்குக் காத்து, எங்களுக்கு வேக்காடா?" என்று டிரைவர்கள் திட்டியதில் பாதியை எழுத முடியாது. திரும்பி வந்த தனம், "அண்ணே, எவ்வளவு வேணாலும் படிங்க. டிரில்ல மட்டும் கீழ வைங்க," என்றாள். அவள் பம்ப் எடுப்பது குறைந்தது. வேலையும் நிலைத்தது.

இப்போது சேஃப்டி வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். மூச்சு விடுகிறவர் எங்கே உட்கார்ந்திருக்கிறாரோ, அங்கே, அவர் மூக்கு உயரத்தில் அளந்து பாருங்கள். அந்த வாரம் முழுக்க நான் பார்த்தது பினாங்குத் தீவின் காற்றை. தனம் சுவாசித்தது அந்த ஒரு ரூமின் காற்றை.