கொல்சாகுவாவிலிருந்து வந்த அழைப்பு

ஜெபசுதா டீச்சர் வீட்டு லேண்ட்லைன் வருஷத்துக்கு ஒருமுறை, பங்குனி வெயிலில், நீளமாக மணியடிக்கும். எடுத்தால் பேச்சு வராது. மறுமுனையில் யாரோ மூச்சு விடுவது கேட்கும். அதற்கும் பின்னால், உலை கொதிப்பதுபோல் மெல்லிய களகளப்பு.

“ஏங்க, நீங்கதான? ஒரு வார்த்த பேசுங்க. ஜாய் பத்தாவது பாஸாயிட்டா,” என்பார். லைன் அறுந்துவிடும்.

அவருடைய கணவர் ஞானையா சரக்குக் கப்பலில் இன்ஜினியர். சிலி நாட்டுத் துறைமுகம் ஒன்றில் கரையிறங்கியவர் கப்பலுக்குத் திரும்பவில்லை. தேடியும் கிடைக்கவில்லை. நினைவு ஆராதனை வைத்துவிடலாம் என்று நாசரேத்துச் சொந்தக்காரர்கள் சொன்னபோது டீச்சர் சம்மதிக்கவில்லை.

“செத்தவரா போன் பண்ணுதாரு?” என்று கேட்டார். அவர் உள்ளே போனதும், புத்தி பிசகிவிட்டது என்று கூடத்தில் கிசுகிசுத்தார்கள். வீடு மாறினால் நம்பர் மாறிவிடும் என்று தூத்துக்குடி துறைமுகச் சாலையில் இருந்த அந்த வாடகை வீட்டைவிட்டு அவர் அசையவே இல்லை.

மகள் ஜாய் வேலைக்குப் போன பிறகு, எண் காட்டும் போன் ஒன்றை வாங்கி மாட்டினாள். அடுத்த பங்குனியில் எண் விழுந்தது. அது சிலியில் கொல்சாகுவா என்ற பள்ளத்தாக்கு இருக்கும் பகுதியின் எண். திருப்பி அழைத்தால் இணைப்புப் போகவில்லை. மறு வருஷம் அதே மாதத்தில் இருவரும் கிளம்பினார்கள்.

பள்ளத்தாக்கு முழுவதும் திராட்சைத் தோட்டங்களும் ஒயின் ஆலைகளும்தான். சுற்றுலா டிக்கெட் எடுத்தால்தான் உள்ளே விடுவார்கள். சர்ச்சில் தரும் திருவிருந்துக் கிண்ணத்தைத் தவிர வேறெதிலும் மதுவைத் தொட்டறியாத டீச்சர், சேலை முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, ஆலை ஆலையாகக் கண்ணாடிக் கோப்பையைப் பிடித்தபடி நின்றார். மற்றவர்கள் ருசி பார்த்துக்கொண்டிருக்க, ஜாய் வேலையாட்களிடம் அப்பாவின் போட்டோவைக் காட்டினாள். யாருக்கும் தெரியவில்லை.

ஓர் ஆலையில் வழிகாட்டி கறுப்பேறிய சிவப்பு ஒயினை ஊற்றி, கார்மெனேர் என்றாள். அவள் சொன்னதை ஜாய் அம்மாவுக்குச் சொன்னாள்.

“இந்தத் திராட்ச பிரான்ஸ்ல பூச்சி விழுந்து அழிஞ்சே போச்சுன்னு நெனச்சாங்களாம். நூறு வருஷத்துக்கு மேல இங்கன வேற பேர்ல வளந்துக்கிட்டு இருந்திருக்கு. யாருக்கும் தெரியலயாம்.”

“வேற பேர்லயா?” என்றார் டீச்சர். கோப்பையில் இருந்ததை ஒரே மூச்சில் குடித்தார்.

மறுநாள் மலையடிவாரத்தில் பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு சின்ன ஆலைக்குப் போனார்கள். நிலவறைக்கு இறங்கும் படியில் டீச்சர் நின்றுவிட்டார். உள்ளே சிமெண்ட் தொட்டிகளில் திராட்சைச் சாறு நுரைத்துப் புளித்துக்கொண்டிருந்தது. களகளவென்று சத்தம்.

“ஏளா ஜாய், இந்தச் சத்தந்தான்.”

சுவரில் பழைய போன் ஒன்று தொங்கியது. தொட்டிக்குப் பின்னாலிருந்து, கையெல்லாம் சாயமேறிய ஒரு பெண் வந்தாள். மர்த்தா என்று பிறகுதான் தெரிந்தது. சேலையைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள்.

“ஏளா சுதா?” என்றாள், நாக்குப் புரளாமல்.

டீச்சர் மிச்சப் படிகளை இறங்கி அவளிடம் போனார். ஞானையா மட்டுமே அவரை அப்படிக் கூப்பிடுவார்.

“எங்க அவரு?”

மர்த்தா பேசியதை ஜாயின் செல்போன் மொழிபெயர்த்தது. அவர் இங்கே பெத்ரோ என்ற பேரில் வேலை பார்த்தார். அறுவடைக்காலத்தில் ஒருநாள் யாரும் இல்லையென்று நினைத்து, சுவரில் எழுதி வைத்திருந்த டீச்சர் வீட்டு நம்பரைச் சுழற்றுவார்; மர்த்தா மறைந்து நின்று பார்த்திருக்கிறாள். பேசாமல் காதில் வைத்திருப்பார். போனை வைத்த பிறகு ‘ஏளா சுதா’ என்ற அந்த இரண்டு வார்த்தையையும் சொல்வார். கப்பலைவிட்டு ஏன் வந்தார் என்று ஒருவருக்கும் சொன்னதில்லை. திராட்சை புளிக்கும்போது தொட்டிக்குள் கண்ணுக்குத் தெரியாத வாயு நிறையும். அதில் மயங்கி விழுந்த மர்த்தாவின் தம்பியைத் தூக்க இறங்கினார். தம்பியை மேலே தள்ளிவிட்டார். அவர் ஏறவில்லை. அது நடந்து பல வருஷம் ஆயிற்று.

“பொய். போன வருஷம்கூடக் கூப்பிட்டாரே!”

மர்த்தா தன் நெஞ்சைத் தொட்டாள். “நான்தான். செத்துப்போனதைச் சொல்லணும்னு ஒவ்வொரு அறுவடைக்கும் கூப்பிட்டேன். உங்க குரல் கேட்டதும் எனக்குத் துணிச்சல் வரல.”

ஜாயின் கல்லூரிப் படிப்பு, தன் கண் ஆபரேஷன், சாமத்தில் வரும் அழுகை எல்லாவற்றையும் டீச்சர் சொல்லியிருந்தது இவளிடம்தான். இவள் அப்பாவுக்கு யார் என்று கேட்க ஜாய் வாயெடுத்தாள். டீச்சர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். பிறகு மூன்று பேருமாகக் கல்லறைக்குப் போனார்கள். பெத்ரோ என்று எழுதிய சிலுவைக்குக் கீழே டீச்சர் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. “ஊருக்கு வாங்க,” என்று மட்டும் சிலுவையைப் பார்த்துச் சொன்னார்.

தூத்துக்குடிக்கு வந்ததும் நினைவு ஆராதனை நடந்தது. எல்லோரும் ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள். ஜாய் கூடவே இருந்தாள்.

ஒருநாள் மத்தியானம் டீச்சர் பின்கட்டுக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வந்தார்.

“புளிச்ச வாசம் வரல? கூடத்துலயும் வருது.”

“எனக்கு ஒண்ணும் வரலம்மா. கடல்காத்துதான்.”

“சரி,” என்றார் டீச்சர். இரண்டு தட்டு எடுத்து வைத்தார். கொஞ்சம் நின்று, மூன்றாவதையும் எடுத்து வைத்தார். ஜாய் மூன்றிலும் சோறு போட்டாள்.